மூச்சின் காவலன்

உண்ண மறந்தால் பசி நினைவூட்டும். உறங்க மறந்தால் கண் நினைவூட்டும். மூச்சுவிடுதலையோ நாம் மறக்கவே இயலாது. மூளையின் அடியிலுள்ள சிறு பகுதியொன்று அதற்கு இரவு பகலாகக் காவல் புரிகின்றது.

வகுப்பிலே மாணாக்கரைச் சற்று மூச்சடக்கிப் பார்க்குமாறு நாம் கேட்பதுண்டு. சிறிது நேரத்தில் நெஞ்சு விம்ம, வாய் தானே திறந்துவிடும். "ஒட்சிசன் குறைந்துவிட்டது, ஐயா" என்பார்கள். அவர்களை அப்பொழுது வருத்துவது பெரும்பாலும் உள்ளே திரண்ட காபனீரொட்சைட்டேயாகும். மூச்சின் அளவை ஆள்வது அவ்வாயுவே என்பதை 1905ஆம் ஆண்டில் ஹால்டேன், பிறீஸ்ற்லி என்னும் அறிஞர் இருவர் நிறுவினர்.

ஆகவே, காபனீரொட்சைட்டு வழக்கம்போல வெளியேற, ஒட்சிசன் மாத்திரம் குறையுமாயின் நம் காவலன் உரிய வேளையில் உரக்கக் கூவுவதில்லை. 1875ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆந் திகதி, பிரான்சிலே மூவர் பலூனில் 8,000 மீற்றருக்கு மேலே சென்றனர். ஒட்சிசன் கலந்த காற்றுப் பைகள் அருகிலேயே இருந்தன. எனினும், துன்பம் எதுவும் தோன்றவில்லை. உள்ளத்தில் மகிழ்ச்சியே தோன்றிற்று என உயிர்தப்பிய திசாந்தியே பின்னர் எழுதினார். பையை எடுக்க எண்ணியபோது கை அசையவில்லை. மற்றை இருவரும் மாண்டனர்.

பெற்றோல், தின்னர், பசை ஆகியவற்றின் ஆவியை முகரும் இளைஞர் நாடுவதும் இத்தகைய பொய்யின்பமே. அவ்வாவி ஒட்சிசனின் இடத்தைக் கவர்வதோடு மூளையையும் மயக்குகின்றது. காவலனுக்கே கள்ளூட்டுவது போலாம். இதயமோ அதிரினலீனுக்கு அளவிறந்து துள்ளும் நிலையை எய்துகின்றது. அவ்வேளை திடுக்கிட்டாலும் ஓடினாலும் அதன் துடிப்பு நின்றுவிடக்கூடும். அமெரிக்காவில் நிகழ்ந்த இத்தகைய 110 திடீர் மரணங்களைப் பாஸ் என்னும் வைத்தியர் 1970ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். முதன்முறை முகர்ந்தவரும் இவ்வாறு இறப்பதுண்டு. பிழைத்துப் பழகியவர்க்கோ மூளையும் நரம்பும் நலிகின்றன.

பெற்றோர்களே, பிள்ளையை அந்நிலையிற் கண்டால் அதட்டாதீர்கள், துரத்தாதீர்கள். காற்றோட்டமுள்ள இடத்தில் அமைதியாக இருத்தி, சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை 1990 என்னும் இலக்கத்தில் அழையுங்கள். விசாரணை மறுநாளைக்கு இருக்கட்டும்.

மாணவர்களே, "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என நண்பன் கூறக்கூடும். திசாந்தியேயும் பலூனில் அவ்வாறே உணர்ந்தார். தீங்கை அறிய வேண்டிய மூளையே மயங்கியபின், அதன் சாட்சி எங்ஙனம் செல்லும்?