பிதுக்குப் பருப்பு

பனி இறங்கினால்தான் மொச்சைக்கு ருசி. நாட்டு மொச்சை, பகல் சுருங்கத் தொடங்கிய பிறகே பூக்கிற செடி. வெயில் மாதங்களில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கொடியும் இலையுமாகத் தழைத்துக்கொண்டிருக்குமே தவிர, பூவைக் கண்ணில் காட்டாது. மார்கழி, தை வந்தால் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்துச் சந்தைகளில் பச்சைக் காய் குவிந்துவிடும். தொட்டால் விரலில் ஒரு பிசுக்கு ஒட்டும். வாசனையெல்லாம் அந்தப் பிசுக்கில்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் காயை உரித்து, கொட்டையை ஊறப் போட்டுவிடுவோம். மறுநாள் காலையில் ஊறிய கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு போய்த் தாம்பாளத்தில் விழும். ஒவ்வொரு கொட்டையாகத்தான் பிதுக்க வேண்டும். முறம் நிறையக் காய் வாங்கினாலும் கடைசியில் தேறுவது கொஞ்சம் பருப்புதான். அவசரப்பட்டால் பருப்பு நசுங்கும், இல்லையென்றால் எங்கேயாவது துள்ளி ஓடும்.

அந்த மெதுவான வேலையைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன். "வாங்க, எல்லாரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசலாம்" என்று கூப்பிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் பேச்சு வராது. ஆளுக்கொரு மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிதுக்க உட்கார்ந்தால் கை ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்கும், போனைத் தொட முடியாது. கண் கொட்டையின் மேல் இருப்பதால் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கூச்சமும் கிடையாது. சொல்லத் தயங்கிய விஷயங்கள் அப்போது மெல்ல வெளியே வருகின்றன.

என் மாமனார் அதிகம் பேசாதவர். போன தை மாதம் பிதுக்கிக்கொண்டே பேரனிடம், "கேவுரு அறுத்தப்புறம் கொல்லையில மொச்சை மட்டும் நிக்கும்டா. பனி ஒதறி காய் பறிக்க நானும் எங்க அக்காவும் விடியறதுக்கு முன்னயே போயிடுவோம்" என்றார். கேழ்வரகுக்கு ஊடே மொச்சையைச் சால் விட்டு விதைப்பது இங்கே பழைய வழக்கம். கேழ்வரகு அறுவடையான பிறகுதான் அதற்கு இடமும் வெயிலும் தாராளமாகக் கிடைக்கும். பையன் விடவில்லை. "எந்த அக்கா, தாத்தா?" என்று கேட்டான். கல்யாண வயது வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்ட அக்கா. அப்படி ஒருவர் இருந்தார் என்பது என் கணவருக்கே அன்றுதான் தெரியும். மாமா கையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார், நாங்களும் நிறுத்தவில்லை. கையை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்திருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

முன்பு வெள்ளிக்கிழமை டிவியில் ஒளியும் ஒலியும் பார்க்கக் குடும்பமே கூடியதைச் சிலர் ஏக்கத்தோடு சொல்வார்கள். அதுவும் நல்ல நேரம்தான். ஆனால் அங்கே எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்போம். தாம்பாளத்தைச் சுற்றி உட்காருவது வேறு.

இதற்கெல்லாம் முதலில் ஞாயிற்றுக்கிழமை நம் கையில் இருக்க வேண்டும். அந்த விடுமுறை சும்மா வந்ததில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே 1884இலிருந்து மனுக்கொடுத்து, கூட்டம் கூட்டிப் போராடி, 1890 ஜூனில்தான் அதை வாங்கித் தந்தார். 2023 ஏப்ரலில் ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்யும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது எனக்கு நெஞ்சு பதறியது. என் கணவருக்கு ஷிப்ட் வேலை. 12 மணி நேரமும் போக வர ஆகும் நேரமும் போனால் மனிதர் வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவார். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். குடும்பத்தோடு நேரம் செலவிடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த மணிக்கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. என் மாமியார் கல்யாணமாகி வந்த புதிதில் பெரிய கூட்டுக் குடும்பம். அத்தனை பேருக்கும் அவர் ஒருவரே அடுப்படியில் உட்கார்ந்து பிதுக்குவாராம். இரவு விரல் நுனி எரியுமாம். அதே வேலைதான், ஆனால் அதில் அவருக்கு ஓய்வும் இல்லை, பேச்சுத்துணையும் இல்லை. அதனால் எங்கள் வீட்டுத் தாம்பாளத்தைச் சுற்றி ஆண்கள் எல்லோரும் உட்கார வேண்டும், ஒருவரும் நடுவில் நழுவக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வார நாளில் மொச்சை ஆசை வந்தால், சந்தை வாசலில் பிதுக்கிக் கூறு கட்டி விற்கும் பாட்டிகளிடம் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் முழுக் காய். தோலை வாரி எருக்குழியில் கொட்டுவது பையன் பொறுப்பு, குழம்புக்குத் தேங்காய் அரைப்பது அவன் அப்பா. அத்தை சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, உப்பு எவ்வளவு என்று மட்டும் சொல்வார்.