சாவியை எடுத்த பிறகும்

சென்னை புதுப்பேட்டையில் வண்டியின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு கடை உண்டு. ஆதித்தனார் சாலையிலும் அதிலிருந்து பிரியும் சந்துகளிலும் சைலன்சர் ஓரிடம், ரிம் ஓரிடம், சீட் ஓரிடம் என்று நடைபாதை வரை அடுக்கியிருப்பார்கள். இதற்கு நடுவே, விற்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லாத கடைகளும் இருக்கின்றன. அவை டூவீலர் எலக்ட்ரீஷியன்களுடையவை. ஒரு மர பெஞ்ச், பேட்டரி சார்ஜர், மல்ட்டி மீட்டர், இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லாம்ப், கலர் கலராகச் சுருட்டி மாட்டிய வயர்த் துண்டுகள். கடையின் முதல் அவ்வளவுதான்.

உங்கள் வேலையில் எது கஷ்டம் என்று நான் பேசிய எலக்ட்ரீஷியன்களிடம் கேட்டேன். வயரிங் முழுவதையும் மாற்றுவது என்று சொல்வார்கள் என எதிர்பார்த்தேன். "அது ஒண்ணுமில்ல சார், ஒரு நாள் வேலை. லீக் கண்டுபிடிக்கிறதுதான் பேஜாரு" என்றார் ஒருவர். மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

வண்டி நிற்கிறது, சாவி சட்டைப் பையில் இருக்கிறது, ஆனாலும் பேட்டரியிலிருந்து எங்கோ கரண்ட் போய்க்கொண்டிருக்கிறது. விளக்கு எரியவில்லை, புகையில்லை, சத்தமில்லை. காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ரிலே டிக்டிக்கென்று அடிப்பதோடு சரி. லீக் என்று அவர்கள் சொல்வது இதைத்தான்.

ஒரு காலத்தில் இது இவ்வளவு பெரிய விஷயமாக இருந்ததில்லை. யமஹா ஆர்எக்ஸ் 100-இல் பிளக்குக்குப் போகும் கரண்ட் மேக்னெட் காயிலிலிருந்தே வந்துவிடும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் ஓடும். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் ராயல் என்ஃபீல்டுடன் கைகோத்த பிறகு திருவொற்றியூரில் தயாரான புல்லட்டிலோ ஹெட்லைட்டுக்கு மேலேயே ஆம்பியர் மீட்டர் இருந்தது. சார்ஜ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று முள்ளைப் பார்த்தே ஓட்டுபவருக்குத் தெரியும்.

2017 ஏப்ரலிலிருந்து, இன்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரியும்படிதான் புது வண்டிகள் வர வேண்டும் என்று ஆனது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததும் பெரும்பாலான பைக்குகள் கார்புரேட்டரை விட்டு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. பல மாடல்களில் கிக்கர் காணாமல் போயிற்று. பெட்ரோல் பம்ப்பும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டியான இசியுவும் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் இவற்றில் பலவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது.

நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது வந்த வண்டி அந்த ரகம்தான். கொண்டுவந்த இளைஞர் ஏற்கெனவே ஒருமுறை பேட்டரி மாற்றியிருந்தார்.

"தினமும் ஆபீஸ் போனா எடுக்குதுண்ணா. திங்கட்கிழமை மட்டும் செல்ஃப் எடுக்காது."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்துனா திங்கள்தான் எடுப்பியா தம்பி? எக்ஸ்ட்ரா என்னென்ன மாட்டிருக்க?"

"ஃபாக் லைட் மட்டும்தான். ஆனா அத ஆஃப் பண்ணிதான்ணா வெச்சிருப்பேன்."

எலக்ட்ரீஷியன் இன்னும் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. மழையில் நின்றதா, வாட்டர் வாஷ் விட்டாயா, கீழே விழுந்ததா, கீ செட் மாற்றினாயா? பாதி வேலை இந்தக் கேள்விகளிலேயே முடிந்துவிடும் என்றார் என்னிடம்.

பிறகுதான் மீட்டர் வெளியே வந்தது. முதலில் பேட்டரியைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்க வேண்டும். முழு சார்ஜில், இன்ஜின் ஓடாத நிலையில், 12 வோல்ட் பேட்டரி 12.6-க்கு மேல் காட்ட வேண்டும். காட்டியது. அடுத்தது சார்ஜிங். இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை முறுக்கியபோது டெர்மினலில் 14.2 வோல்ட். மேக்னெட் காயிலும் ரெகுலேட்டரும் ஒழுங்காக இருக்கின்றன என்று அர்த்தம். ஏறுவதில் குறையில்லை, இறங்குவதில்தான் ஏதோ இருக்கிறது.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். டெர்மினலுக்கும் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்தார். இனி வண்டி குடிக்கும் கரண்ட் எல்லாம் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். இந்த நேரத்தில் யாராவது சாவியைப் போட்டு செல்ஃபை அழுத்தினால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். அதனால் சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. எண் கொஞ்சம் ஆடி, இறங்கி, 0.14-இல் நின்றது. 140 மில்லி ஆம்பியர்.

"கடிகாரம், இசியு எல்லாம் சேர்ந்தாலும் சில மில்லி ஆம்பியர்தான் சார் இழுக்கணும். இது வேற யாரோ."

கணக்கு எளிது. வண்டியில் இருந்தது 8 ஆம்பியர் ஹவர் பேட்டரி. 0.14 வீதம் இழுத்தால் 57 மணி நேரத்தில் காலி. வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை ஏறக்குறைய 60 மணி நேரம். மற்ற நாட்களில் இரவு இறங்கியதை ஆபீஸ் ஓட்டம் ஏற்றிவிடுகிறது. திங்கட்கிழமை மர்மம் அங்கேயே பாதி உடைந்தது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எந்த ஃப்யூஸைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த லைனில்தான் லீக். ஒன்றிலும் விழவில்லை. ரெகுலேட்டரின் வயர்களை இணைக்கும் கப்ளரைக் கழற்றினார். அதே 0.14. அப்படியென்றால் ஃப்யூஸ் பாக்ஸுக்கு முன்னாலேயே யாரோ நேரடியாகக் கரண்ட் எடுத்திருக்கிறார்கள். பேட்டரி டெர்மினலில் கூடுதல் வயர் ஏதும் இல்லை. ஸ்டார்ட்டர் ரிலேயின் ரப்பர் மூடியைத் தூக்கியபோது போல்ட்டில் ஒரு மெல்லிய சிவப்பு வயர் சொருகியிருந்தது. அது வயரிங் கிட்டோடு சேர்த்துக் கறுப்பு டேப்புக்குள் போய் மறைந்தது.

டேப்பைப் பிரிக்கவில்லை. டேங்கைக் கழற்றி, உள்ளே கையைவிட்டுத் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. "தொட்டுப் பாருங்க சார்." சின்ன ரிலே ஒன்று (காயிலில் கரண்ட் பாய்ந்தால் இயங்கும் சுவிட்ச்), இளஞ்சூடாக இருந்தது. ஓடாத வண்டியில் எதுவும் சூடாக இருக்கக் கூடாது. அதைப் பிடுங்கியதும் மீட்டர் 2 மில்லி ஆம்பியருக்கு இறங்கியது.

ஃபாக் லைட் மாட்டியவர்கள் ரிலேயை இயக்கும் வயரை இக்னிஷன் லைனில் கொடுக்காமல் பேட்டரி லைனிலேயே கொடுத்துவிட்டார்கள். சுவிட்ச் இருந்ததோ ரிலேக்கும் விளக்குக்கும் நடுவில். சுவிட்சை ஆஃப் செய்தால் விளக்குதான் அணையும். ரிலேயின் காயில் இரவும் பகலும் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஒரு வயரை வெட்டி, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனில் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு மூடினார். 2 மில்லி ஆம்பியர் கணக்கில் அதே பேட்டரி காலியாக ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும்.

எல்லா லீக்கும் இப்படி நேர்க்கோட்டில் பிடிபடாது. ரெகுலேட்டருக்குள் இருக்கும் டயோடு பழுதானால், வண்டி நிற்கும்போது கரண்ட் திரும்பி ஓடும். கப்ளரைக் கழற்றியதும் தெரிந்துவிடும். கடற்கரையோர வண்டிகள் வேறு மாதிரி. உப்புக் காற்றில் கப்ளருக்குள் செம்பு பச்சை பூத்து, ஈரம் சேர்ந்ததும் இரண்டு பின்களுக்கு நடுவே பாலம் போட்டுவிடும். வெயிலில் மீட்டர் வைத்தால் ஒன்றும் காட்டாது. அதற்கு அந்த எலக்ட்ரீஷியனிடம் ஒரு ஸ்பிரே பாட்டில் இருக்கிறது. மீட்டரைப் பார்த்துக்கொண்டே கப்ளர் கப்ளராகத் தண்ணீர் அடிப்பார். ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டிய வண்டிகள் இன்னொரு தொல்லை. அது தூங்கும்போது எண் சின்னதாக இருக்கும், சிக்னல் அனுப்ப விழிக்கும்போது எகிறும். மீட்டரை மாட்டிவிட்டு ஒரு டீ குடிக்கும் நேரமாவது காத்திருக்க வேண்டும்.

அந்த இளைஞரின் வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. மாற்றிய பொருள்: ஒரு முழ வயர், கொஞ்சம் ஈயம், ஒரு ஸ்லீவ். கேட்ட கூலி 300 ரூபாய். "ஒரு வயர மாத்துனதுக்கா?" என்ற கேள்வி இளைஞரிடமிருந்து வரத்தான் செய்தது. கடைசியில் 250-க்கு முடிந்தது. இதே ஆள், பேட்டரிக் கடையில் ஆயிரத்துக்கு மேல் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தவர்.

அவர் போன பிறகு எலக்ட்ரீஷியன் கோபப்படவில்லை. "பொருள் கையில குடுத்தா காசு குடுப்பாங்க. தேடுனதுக்கு யார் சார் குடுப்பா?" என்று மட்டும் சொன்னார். அவரிடம் உதவிக்கு இருந்த பையன் சீட் கவர் கடைக்கு மாறிவிட்டானாம். அங்கே ஒரு சீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. இங்கே ஒரு லீக் பத்து நிமிடத்தில் கிடைக்கலாம், ஒரு பகல் முழுவதையும் தின்னலாம், கூலி என்னவோ ஒன்றுதான். தேடத் தெரிந்தவர்கள் குறையக் குறைய, "பேட்டரி போச்சு, மாத்திடுங்க" என்பதே எல்லாக் கோளாறுக்கும் மருந்தாகிவிடும். லீக் இருக்கும் வண்டியில் புது பேட்டரியும் நெடுநாள் நிற்காது. அடிக்கடி அடிமட்டத்துக்கு இறங்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, சார்ஜ் பிடிக்கும் சக்தி போய்விடும்.

உங்கள் வண்டி இரண்டு நாள் நின்றால் செல்ஃப் எடுக்க மறுக்கிறதா? பேட்டரிக் கடைக்கு முன்னால் எலக்ட்ரீஷியனிடம் போங்கள். சாவியை எடுத்த பிறகு எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்று மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். வெளியில் எதை மாட்டினாலும், அது இக்னிஷன் லைனில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று கேளுங்கள். லீக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் கூலி கேட்கும்போது மாற்றிய வயரை அளக்காதீர்கள். அவர் கேட்பது தேடியதற்கான கூலி. அதைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.