பூட்டும் முத்திரையும்

கலைப்பீடத்து மாணவனொருவன் கணினிச் சேவையகங்களைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எமது விடுதியில் வதியும் விஞ்ஞானபீட நண்பர் ஒருவர், பழைய கணினியொன்றில் உடனடிச் செய்திச் சேவையகம் ஒன்றை நிறுவி, அதன் இணைப்புகளை மறைகுறியாக்கம் செய்வதிலே மூன்று இரவுகளைச் செலவிட்டார். கனடாவிலுள்ள என் தமக்கையின் செய்திகளும் இன்று அதன் வழியே வருகின்றமையால், அவர் விளக்கியவற்றை நான் அக்கறையோடு கேட்டேன். பின்னர் தேடியும் படித்தேன்.

அவர் நிறுவியது ஜாபர் எனும் முறையைச் சார்ந்தது. அமெரிக்கரான ஜெரமி மில்லர் 1999இல் அறிமுகஞ்செய்த இம்முறை, எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் 2004இல் இணைய நியமமாக வெளியிடப்பட்டது. ஒரு நிறுவனத்தின் தனியுடைமையாக அன்றி, எவரும் தமக்கொரு சேவையகம் நடாத்த, அவை தபாலகங்களைப் போல ஒன்றோடொன்று தொடர்புகொள்வதே இதன் சிறப்பு.

இவ்விணைப்புத் தொடங்கும் விதம் விந்தையானது. முதற் சொற்கள் வெளிப்படையாகவே பரிமாறப்படுகின்றன. பூட்டும் வசதி தன்னிடம் உண்டெனச் சேவையகம் அறிவிக்க, பயனரின் கருவி இசைந்த பின்னரே உரையாடல் மறைகிறது. பூட்டு விருப்பத்திற்குரியதாயின், இடையில் நிற்பவன் அவ்வறிவிப்பை அழித்துவிட்டாற் போதும். இருபுறத்தாரும் பூட்டின்றியே பேசத் தலைப்படுவர். ஆகவே, பூட்டு ‘கட்டாயம்’ என்று விதித்துவிடுவதே பாதி வேலை என்றார் நண்பர்.

அச்சொல்லுக்கு விலையுண்டு. பீட்டர் செயின்ட் ஆன்ட்ரே முன்வைத்த அறிக்கையில் ஒப்பமிட்ட சேவையக நடத்துநர்கள், சில ஒத்திகை நாட்களின் பின், 2014 மே 19ஆந் திகதி முதல் பூட்டில்லா இணைப்புகளை மறுத்தனர். அக்காலத்தில் பிற சேவையகங்களுடன் பூட்டிய இணைப்பை ஏற்காதிருந்த கூகுள் டோக்கின் பயனர்களோடு அவர்களது தொடர்பு அறுந்தது. ஒருபக்கம் திறந்திருக்க மறுபக்கத்தைப் பூட்டுவதாற் பயனில்லை என்பது நண்பரின் வாதம். அது சரியே. எனினும், வெட்டுண்டவர்கள் அத்தீர்மானங்களில் எப்பங்கும் வகியாத சாதாரண மக்கள் என்பதை அவர் அத்துணை எளிதாகக் கடந்துபோனதை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டாயப் பூட்டும் போதாமற் போகக்கூடும். சான்றிதழ் என்பது, இன்ன பெயருடைய சேவையகம் இதுவே என்று நம்பத்தக்க மூன்றாமவர் இடும் முத்திரையாகும். ஜாபர்.ரு எனும் பழைய ருஷ்யச் சேவை ஜேர்மனியிலுள்ள கணினிகளில் இயங்கிவந்தது. 2023 ஒக்ரோபர் 16ஆந் திகதி, அதனை நாடியோருக்குச் சான்றிதழ் காலாவதியாயிற்று என்ற அறிவித்தல் கிட்டிற்று. சேவையகத்திலிருந்த சான்றிதழ்களோ காலாவதியாகாதவை! ஆராய்ந்தபோது, வழியிலே வேறொரு கணினி பயனரின் இணைப்புகளை ஏற்று, தானே சேவையகம்போல் நடித்து, யாவற்றையும் வாசிக்கத்தக்க நிலையில் அப்பால் அனுப்பிவந்தமை புலனாயிற்று. சட்டத்தின் பெயரால் நிகழ்ந்த ஒட்டுக்கேட்டலாக இருக்கலாமென நடத்துநர்கள் ஐயுற்றனர்.

இடைமறித்தவன் காட்டியது போலி முத்திரையன்று. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு முறைப்படி வழங்கிய சான்றிதழே அது. பெயருக்குரிய சேவையகம் கேட்பவர் வசமுள்ளதா என்றே அவ்வமைப்பு சோதிக்கும். வழியைத் தன்வசம் வைத்திருப்பவனுக்கு அச்சோதனை ஒரு தடையன்று. இத்தகைய சான்றிதழ்கள் பகிரங்கப் பதிவேடுகளிற் பதியப்படுவன. அச்சேவையின் பெயர்களில் அவன் பெற்றவையும் ஏப்ரல் 18 முதலே அங்கு எவரும் காணக் கிடந்தன. புதுப்பிக்கத் தவறியிராவிடின் இன்னும் எத்தனை நாள் நீடித்திருக்குமோ! பூட்டின் குறியைக் கண்டு நிம்மதியாகப் பேசிய பயனரை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது.

ஒருவர் கருவியிலிருந்து மற்றவர் கருவிவரை பூட்டும் ஒமீமோ முறையைக் கைக்கொண்டு, திறவுகோலின் அடையாளங்களைத் தமக்குள் ஒப்பிட்டவர்களின் பேச்சு அங்கும் காக்கப்பட்டிருக்கும். யார் யாரோடு எப்போது பேசினர் என்பது மாத்திரம் மறைந்திராது. இதையறிந்த பின்னர் தமக்கையும் நானும் காணொளி அழைப்பில் அவ்வடையாளங்களை உரக்க வாசித்து ஒப்பிட்டோம். அறுபத்துநான்கு எழுத்துகள். இடையில் ஒன்று பிசகியபோது, மீண்டும் முதலிலிருந்து வாசிக்குமாறு அக்காவே வற்புறுத்தினார்.