“ஆர் இது?” என்று கேட்கிற மென்பொருள்

மட்டக்களப்பு வீடுகளில் பழைய படங்கள் எங்கே இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அலுமாரிக்கு மேல் ஒரு சூட்கேஸ், ஒரு பிஸ்கட் பேணி, சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாலை போட்ட ஒரு சட்டகம். எங்கட வயசுக்காரரின் படங்கள் போனுக்குள் கிடக்கின்றன. ஆளுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும், தேடினால் ஒன்றும் அகப்படாது. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்கள் நாலு பேர். வாவியின் எழுவான்கரையில் இரண்டு வீடு, படுவான்கரையில் இரண்டு வீடு. இந்த இரண்டு குவியலையும் ஒழுங்குபடுத்திப் பார்ப்போம் என்று தொடங்கினோம்.

எடுத்துக்கொண்டது ‘டிஜிகாம்’ என்ற மென்பொருள். காசு கட்டத் தேவையில்லை. இணையம் இல்லாமலும் வேலை செய்யும். படங்கள் எங்கட கணினியை விட்டு வெளியே போகாது. இந்த மூன்றாவது காரணம் எவ்வளவு முக்கியம் என்று மறுகாதான் விளங்கினது.

திகதி

போனில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த நாள், நேரம், சிலவேளை இடமும் பதிவாகி இருக்கும். மென்பொருள் அதைப் பார்த்துத் தானே அடுக்கிவிடும். ஆனால் வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் அந்தத் தகவல் கழன்றுபோகும். ‘டொகியுமென்ட்’ ஆக அனுப்பினால் அப்படியே வரும். சொந்தக்காரரிடம் படம் கேட்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்கேன் பண்ணின படத்தின் கதை வேறு. அம்மம்மாவின் கலியாணப் படத்தையும் கணினி போன கிழமைப் படம் என்றுதான் நினைக்கும். சரியான திகதியை நாங்கள்தான் போட வேண்டும். பெரியவர்களைக் கேட்டால் வருஷம் வராது. “அது சூறாவளிக்கு முதல் மனே.” “நாங்க இடம்பெயர்ந்து வந்த மறுகா எடுத்தது.” “சுனாமிக்கு முந்தின சடங்குல.” ஆக, 1978 நவம்பர் 23, 1990, 2004 டிசம்பர் 26. எங்கட ஊரின் கலண்டர் அழிவுகளால் ஆனது. அதனால் வருஷம் தெரியாத படங்களுக்கு ‘சூறாவளிக்கு முன்’, ‘தொண்ணூறுக்குப் பின்’, ‘சுனாமிக்கு முன்’ என்று குறிச்சொற்கள் போட்டோம். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத காலப்பகுப்பு. ஆனால் எல்லாப் படமும் அதற்குள் ஒழுங்காக விழுந்தது.

படங்கள் குறைவாக இருக்கிறதற்கும் காரணம் அதே மூன்றுதான். சூறாவளி கூரையைக் கொண்டுபோனது. தொண்ணூறில் ஓடினவர்கள் அடையாள அட்டையையும் காணி உறுதியையும்தான் பையில் போட்டார்கள். நாவலடி, கல்லடிப் பக்கம் கடல் எடுத்ததைச் சொல்லத் தேவையில்லை. எங்கட நாலு வீட்டில் ஒன்றில் மூன்று தலைமுறைக்கும் சேர்த்துப் பதினொரு படம்தான் மிச்சம்.

பேர்

டிஜிகாம் படத்தில் உள்ள முகங்களைத் தானே கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் சுற்றிச் சதுரம் போடும். பேர் தெரியாத முகங்களை எல்லாம் ‘தெரியாதவர்’ என்று ஒரே இடத்தில் குவித்து வைக்கும். நாங்கள் சில படங்களுக்குப் பேர் எழுதிக் கொடுத்தால், அதைப் பழகி மற்றப் படங்களில் “இவர்தானோ?” என்று கேட்கும். சிரிப்பும் வரும். ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் சாமத்தியவீட்டுப் படத்துக்கு அவளின் அம்மம்மாவின் பேரைச் சொன்னது. வீட்டில் அதைக் காட்டினோம். “மெஷினுக்கும் தெரியுது பாருகா” என்று பெரியம்மாவுக்குப் பெரிய சந்தோசம்.

ஆனால் அந்தப் பெட்டியை நிரப்பக்கூடிய ஆக்கள் எங்கட வீடுகளில் ஒருவர் அல்லது இருவர்தான். ஒரு கூத்து அரங்கேற்றப் படம் கிடைத்தது. உடுப்புக் கட்டி, முடி வைத்து, பதினான்கு பேர் நிற்கிறார்கள். எண்பதைத் தாண்டின ஒரு அம்மப்பா ஒன்பது பேரைச் சொன்னார். மற்ற ஐந்து பேரும் இன்னும் ‘தெரியாதவர்’தான். முகம் துல்லியமாக இருக்கிறது, பேர் இல்லை. கறை பிடித்த படத்தையாவது ஓரளவு திருத்தலாம். பேர் போன படத்தைத் திருத்த ஒரு பொத்தானும் இல்லை.

எழுதின பேரை எங்கே எழுதுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பிகாசா என்று கூகிளின் மென்பொருள் ஒன்று இருந்தது. 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள். பேர்கள் மென்பொருளின் பட்டியலுக்குள் மட்டும் இருந்தால், மென்பொருளோடு சேர்ந்து அவையும் போகும். டிஜிகாமின் அமைப்பில் பேரையும் குறிப்பையும் படக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி தெரிவு செய்யலாம். தமிழை யுனிகோடில் எழுதுங்கள். ஒரு மாமா பழைய சீடீயில் பாமினியில் எழுதி வைத்திருந்த குறிப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரிந்தன.

திருத்தம்

எங்களுக்குள் சண்டை வந்தது இதில்தான். சுனாமியில் நனைந்த ஒரு குடும்பப் படம். கீழ்ப்பாதியில் உப்புத்தண்ணி ஏறின கறை. “துடைத்து எடுப்போம், முகம் வடிவாத் தெரியும்” என்றது ஒரு பக்கம். “அந்தக் கறையும் அந்தக் குடும்பத்துக்கு நடந்ததுதானே” என்றது மற்றப் பக்கம். கடைசியில் ஒரு விதி வைத்தோம்: ஸ்கேன் பண்ணின மூலத்தில் கை வைக்கிறதில்லை, திருத்தம் எல்லாம் பிரதியில் மட்டும். கண்ணாடியோடு ஒட்டின படத்தை இழுக்காமல் கண்ணாடியோடேயே ஸ்கேன் பண்ணுவது, சின்னப் படம் என்றால் 600 டிபிஐ, மூலம் டிஃப் கோப்பில். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரம் தேயும்.

இந்த விதி ஏன் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றால், எங்கட பகுதியில் படம் வெறும் ஞாபகம் இல்லை, சாட்சியும்தான். 1990 செப்டெம்பர் 5, இப்போது நாங்கள் விரிவுரைக்குப் போகிற இதே வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இன்றைக்கும் படங்களை நெஞ்சோடு பிடித்தபடிதான் வீதியில் நிற்கிறார்கள். அப்படியான படங்களில் பல அடையாள அட்டையிலிருந்தோ, ஒரு கலியாணக் கூட்டத்தின் மூலையிலிருந்தோ பெருப்பித்தவை. சிலதில் ஸ்டூடியோக்காரர் கோட்டும் டையும் ஒட்டி, நிறத்தையும் வெளுப்பாக்கிக் கொடுத்திருப்பார். அது அந்தத் தாயின் ஆசை என்றால் அதைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருக்கிற மூலப்படமும் வீட்டில் பத்திரமாக இருக்கிறதா என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் மங்கின முகத்தைத் தெளிவாக்கித் தருகிறது. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் படத்தில் இல்லாத கண்ணையும் இமையையும் அது ஊகித்து வரைகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணனும் இல்லை, அந்நியனும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒருவர் நிற்பார். தேடப்படுகிற ஒருவரின் முகத்தில் அந்த விளையாட்டு வேண்டாம்.

எல்லாப் பேரையும் எழுதிவிடவும் முடியாது. ஒரு வீட்டில் ஒரு இளைஞனின் முகத்தில் சதுரம் விழுந்தபோது, “அவன்ட பேரப் போடாதேங்கோ” என்று ஒரு அம்மா சொன்னா. நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பெட்டி வெறுமையாகவே இருக்கிறது. அவ சொல்லாத பேர் எங்கட கணினியிலும் இருக்கக் கூடாது.

விருப்பப்பட்டுப் பகிர்கிற படங்களுக்கு இடம் இருக்கிறது. 2005இல் தொடங்கின நூலகம் திட்டத்தின் ‘ஆவணகம்’ தளம் ஒளிப்படங்களையும் சேர்த்து வைக்கிறது. ஆனால் அதற்கு முதல் வேலை வீட்டுக்குள்தான். மென்பொருள் எது என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள், அதை எப்போதும் பதிவிறக்கலாம். இந்தச் சனிக்கிழமை சூட்கேஸை இறக்குங்கள். வீட்டில் ஆக வயசானவரைப் பக்கத்தில் இருத்தி, ஒரு படத்தை எடுத்து “ஆர் இது?” என்று கேளுங்கள். சொல்வதைப் போனில் ஒலிப்பதிவு பண்ணுங்கள். எங்களுக்கு ஒன்பது பேரைச் சொன்ன அந்த அம்மப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. மிச்ச ஐந்து பேரையும் கேட்க அடுத்த கிழமை திரும்பப் போகிறோம்.