எழுபத்திரண்டு கம்பிகள்

புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தாமரைத் தடாக ஓவியத்தைக் கண்டு, "ஆகா, ஆயிரம் வருஷத்து வர்ணம்!" என்று வியந்துவிட்டு பஸ் ஏறிவிடுவது வழக்கம். பஸ்ஸைத் தவறவிட்டபடியால் நமக்கு இன்னொரு வர்ண வேலையையும் காணும் பாக்கியம் கிட்டிற்று.

நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்லும் அவ்வூர் வீதிகளில் ஒன்றில், வேப்ப மரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் தாயாருடன் அங்கே வந்திருந்தாள். சர்க்கார் வழங்கிய சைக்கிள். பள்ளிக்கூடத்தில் இருநூறு சைக்கிள்கள் நின்றால் இருநூறும் ஒரே ஜாடை! சென்ற வாரம் யாரோ மாற்றி எடுத்துப் போய்விட, ஆறு கிலோமீட்டர் நடந்தே வீடு சேர்ந்தாளாம்.

"போக்ஸ் கம்பிக்குக் கலர் அடிச்சுக் குடுங்கண்ணே. தூரத்திலேயே தெரியணும். நூறு ரூவாதான் இருக்கு."

"கலர் கம்பியே வாங்கி மாத்தலாம் தாயி. ஆனா சக்கரத்தையே பிரிச்சுக் கோக்கணும், கோட்டம் எடுக்கணும். ஒன் காசுக்குக் கட்டாது" என்றார் கடைக்காரர். ஐம்பது மில்லி எனாமல் டப்பா ஒன்று போதும் என்பது அவர் தீர்ப்பு.

நாம் எண்ணிப் பார்த்தோம். இரு சக்கரங்களிலும் சேர்த்து எழுபத்திரண்டு கம்பிகள். நமது தேசியக் கொடியின் சக்கரத்துக்கு ஆரங்கள் இருபத்துநான்கு. அதைப்போல் சரியாக மும்மடங்கு!

வேலை எளிதென்று நினைத்தது நம் அறியாமை. முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்தார். பிறகு சோப்புத் தண்ணீர். பிறகு ஒவ்வொரு கம்பிக்கும் உப்புத்தாள். முலாம் பூசிய வழுவழுப்பான கம்பியில் எனாமலை நேரே தடவினால் சில மழைகளில் தோல் உரிவதுபோல் உரிந்துவிடுமாம். ஆகையால் தம்மிடம் மிஞ்சிக் கிடந்த பிரைமரை ஒரு கை பூசி, அன்றிரவு உலரவிட்டார். இந்த வேடிக்கைக்காக நாம் அவ்வூரிலேயே தங்கினோம் என்றால் நேயர்கள் நகைக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. தூரிகையைக் காணோம்! மஞ்சள் வர்ணத்தில் தோய்த்த ஸ்பாஞ்சுத் துண்டைக் கம்பியைச் சுற்றி மடித்து, ஒரே இழுப்பு. கம்பிகள் குறுக்கிட்டு ஒன்றையொன்று தொடும் இடங்களில் மாத்திரம் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தார். ரிம்மோரத்து நிப்பிளில் துளிகூடப் படவிடவில்லை. பட்டால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பின்னால் கோட்டம் எடுக்கையில் திருகச் சாவிக்கு மசியாது.

காத்திருக்கையில் தாயார் பேசினார். 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. வயற்காட்டுப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அப்போது இவர் சிறுமி.

"வாடகைச் சைக்கிளுங்க. மணிக்கணக்கு. சொந்தமா ஒண்ணு இல்லாததாலதான், இவ சைக்கிள் காணோம்னதும் எனக்குச் சோறு எறங்கல."

மாலையில் இரண்டாம் கையும் உலர்ந்தது. பெண் ஏறி ஒரு சுற்று வந்தாள். சக்கரம் சுழன்றதும் கம்பிகள் மறைந்து, இரண்டு மஞ்சள் வட்டங்களே தெரிந்தன. தாயார் வீதிக் கோடி வரை அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் தொண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, டப்பாவில் மீதியிருந்த வர்ணத்தையும் அவள் கையில் கொடுத்தார்.

"உரிஞ்சா நீயே தொட்டுக்க, தாயி."