எழுந்து நில் என்றேன்

நாவிலிருந்து புறப்பட்ட சொல் திரும்பி வராது என்று மேடைகளில் பலமுறை பேசியிருக்கிறேன். அதன் பொருளை நான் உணர்ந்தது, 2019ஆம் ஆண்டு ரமலானில், என் சொந்த வகுப்பில்தான்.

மதுரையில், வைகைக்குத் தென்கரையில் உள்ள ஒரு மதரஸாவில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தேன். பெருநாளுக்காகச் செல்வந்தர் ஒருவர் சட்டைத் துணிகள் அனுப்பியிருந்தார். "ஏழைப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்கள்" என்றேன். சிலர் எழுந்தனர். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் எழவில்லை. அவனுடைய அத்தா கீழமாசி வீதியில் மூட்டை தூக்குபவர். முதுகில் அடிபட்டு இரண்டு மாதங்களாகப் படுத்திருந்தார். அது எனக்குத் தெரியும். ஆகவே பெயரைச் சொல்லியே அழைத்து, "நீயும் எழுந்து நில்" என்றேன். தலையைக் குனிந்தபடி வந்து துணியை வாங்கிக்கொண்டான். மறுநாள் அவன் ஓத வரவில்லை.

மூன்றாம் நாள் வீட்டிற்குச் சென்றேன். துணி, பையிலிருந்து எடுக்கப்படாமல் பெட்டியின் மேல் இருந்தது. கதவின் மறைவில் நின்றபடி அவனுடைய தாயார் சொன்னார்: "நாங்க கஷ்டப்படுறவங்கதான் ஹஜ்ரத். இல்லேன்னு சொல்லல. ஆனா எம் புள்ளைய ஏழைன்னு சொல்லி நிக்க வைக்காதீங்க."

கலைப் பட்டதாரியான எனக்குப் பாடநூல்கள் கற்றுத் தராத வேறுபாட்டை அந்தப் பெண்மணி ஒரே வாக்கியத்தில் கற்றுத் தந்துவிட்டார். கஷ்டம் வரும், போகும். ஏழை என்ற சொல்லோ ஆளோடு ஒட்டிக்கொள்கிறது.

அன்று முதல் இச்சொற்களைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். மூன்று கடைகளுக்கு உரிமையாளரான ஒருவர், "நாமெல்லாம் நடுத்தரம்தானே ஹஜ்ரத்" என்கிறார். வாடகை ஆட்டோ ஓட்டுபவரும் தம்மை நடுத்தரம் என்றே சொல்லிக்கொள்கிறார். மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சென்றால் 'நிலபுலன் உள்ளவர்', 'அன்றாடங்காய்ச்சி' என்ற சொற்கள் காதில் விழுகின்றன. பெண் பார்க்கும் இடத்திலோ 'நல்ல குடும்பம்' என்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால், அந்த 'நல்ல' என்பதற்குப் பெரும்பாலும் பணம் என்றே பொருள்! அப்படியானால் பணமில்லாத குடும்பம் எப்படிப்பட்ட குடும்பம்? சிந்தித்துப் பாருங்கள்.

மார்க்கச் சட்ட அறிஞர்களோ இவ்விஷயத்தில் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தார்கள்! ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் குறிப்பிடுகிறது. முதல் இரு வகையினர் ஃபகீர்களும் மிஸ்கீன்களும். இவ்விருவருள் அதிகத் தேவையுடையவர் யார்? மிஸ்கீன் என்பர் ஹனஃபி அறிஞர்கள். ஃபகீர் என்பர் ஷாஃபிஈ அறிஞர்கள். இருசாராரும் அளந்தது கையிருப்பையும் தேவையையும்தான். பிறப்பையோ குலத்தையோ அன்று. நிஸாப் அளவை எட்டிய செல்வத்தை ஓராண்டு வைத்திருப்பவர் ஜகாத் கொடுக்கக் கடமைப்பட்டவர். அவர் தம்மை 'நடுத்தரம்' என்று சொல்லிக்கொள்வதால் அக்கடமை நீங்கிவிடாது.

நம் அரசாங்கக் காகிதங்களும் ஒரு பாடம் சொல்கின்றன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 'முன்னுரிமைக் குடும்பம்' என்ற சொல்லை ஆள்கிறது. அச்சொல் அக்குடும்பத்தின் உரிமையைக் கூறுகிறதே தவிர, இழிவைக் கூறவில்லை. ரேஷன் அட்டைக்கு இருக்கும் நாகரிகம், மதரஸா ஆசிரியனான என் நாவுக்கு இல்லாமல் போயிற்றே!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 'லெப்பை' என்பது ஓதிக் கொடுப்பவரை மரியாதையாக அழைத்த சொல். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், தமிழ் பேசினாலும் உருது பேசினாலும், ராவுத்தரும் மரைக்காயரும் லெப்பை என்ற பெயரின்கீழ்தான் வருகிறார்கள். 2007இல் முஸ்லிம்களுக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டை அனைவரும் அப்பட்டியலைக் காட்டித்தான் பெறுகிறோம். சான்றிதழில் வேண்டியிருக்கும் இச்சொல், பேச்சில் சிலருக்கு இளக்காரமாகிவிடுகிறது. "பாவம், லெப்பை! ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அன்று நான் கூசினேன். அப்படிக் கூசியவனே ஒரு சிறுவனை எழுந்து நிற்கச் சொன்னேன். ஒருவரையொருவர் இழிபெயரால் அழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுத்திருப்பதைப் பிறருக்குப் போதித்தவனும் நானே.

பெருநாளன்று அச்சிறுவன் துவைத்த பழைய சட்டையுடன் தொழுகைக்கு வந்தான். எனக்கு ஸலாம் சொன்னான். பிறகு ஓதவும் வந்தான். அந்தத் துணி மட்டும் தைக்கப்படவே இல்லை.

அதன்பின் நான் வகுப்பில் யாரையும் எழுந்து நிற்கச் சொன்னதில்லை. கொடுக்க வேண்டியது இரவில், வீட்டு வாசலில், பெற்றோரின் கையில் போய்ச் சேருகிறது. வாசகர்களே, இவ்வாண்டு நீங்கள் ஜகாத் பட்டியல் எழுத அமரும்போது தலைப்பில் 'ஏழைகள்' என்று எழுதாதீர்கள். 'கொடுக்க வேண்டியவை' என்று எழுதுங்கள். அது அவர்களைப் பற்றிய பட்டியலன்று. நம் கடனைப் பற்றிய பட்டியல்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.