காற்றமுக்கியும் ஒரு வால்வுத் தகடும்

கலைப்பீட மாணவன் ஒருவன் காற்றமுக்கியைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்ததும் நான் பல்கலைக்கழகம் புகுந்ததும் அதனாலேயே. உழவு இயந்திரத்தின் பின்னால் இரு சில்லுகளில் இழுபட்டுச் செல்லும் அந்தக் 'கொம்பிறசரை' அப்பா 2011 இல் பழையதாகவே வாங்கினார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைத் துளைத்துக் கிணறு ஆழப்படுத்துவதே எங்கள் தொழில்.

2022 புரட்டாதியில், நீர்மட்டம் தாழ்ந்திருந்த வேளையில், வெங்காயத் தோட்டமொன்றின் கிணற்றில் வேலை இடைநடுவில் நின்றது. வாங்கிய முற்பணம் செலவாகிவிட்டது. ஐப்பசி மழை தொடங்கினாலோ கிணற்றுள் இறங்க இயலாது. இயந்திரம் வழமைபோல் உறுமியது. தாங்கியின் அமுக்கமானி மட்டும் சதுர அங்குலத்திற்கு 60 இறாத்தலுக்கு மேல் ஏற மறுத்தது. 100 இறாத்தல் இல்லையேல் துளைகருவி கல்லைக் கொத்தாது, தடவும். அத்தோடு இரு உருளைகளுக்கும் இடையிலுள்ள குளிராக்கியின் காப்பு வால்வு ஓயாமல் சீறியது.

பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்துவிட்டன என்று கராச்சில் கூறினர். எனக்கோ சீறுகின்ற வால்வே பழுதென்று பட்டது. அதை இறுக்கிவிடச் சாவியை எடுத்தேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"அதை இறுக்காதை. அது சும்மா ஊதேல்லை."

அன்று நான் அதை இறுக்கியிருந்தால் குளிராக்கி வெடித்திருக்கவும் கூடும் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

இளமை தொட்டுத் துளைகருவியின் ஓசையில் வாழ்ந்தவர் அவர். செவிப்புலன் பெரிதும் மங்கிவிட்டது. ஒரு காலத்தில் ஓசையைக் கொண்டே பழுதைச் சொன்னவர், இப்போது கையால் கேட்கிறார். இயந்திரத்தை நிறுத்திவிட்டு வால்வு மூடிகளைப் புறங்கையால் ஒவ்வொன்றாகத் தொட்டார். சிறிய உருளையின் உள்ளிழுக்கும் வால்வு மூடியில் கை பட்டதும் வெடுக்கென்று எடுத்தார். ஒப்பளவில் குளிர்ந்திருக்க வேண்டிய மூடி அது.

காரணம் எளியது. பெரிய உருளை காற்றை ஏறத்தாழ 30 இறாத்தலுக்கு அமுக்கும். குளிராக்கியில் அது ஆறும். சிறிய உருளை அதனை 100 வரை உயர்த்தும். சிறிய உருளையின் உள்வால்வு சரிவர மூடாவிட்டால் அமுங்கிய சூடான காற்று குளிராக்கிக்கே திரும்பும். தாங்கி நிரம்பாது, குளிராக்கி மிதமிஞ்சி நிரம்பிச் சீறும். பழுது ஓரிடம், முறைப்பாடு வேறிடம்.

கழற்றியபோது வளையம் போன்ற மெல்லிய உருக்குத் தகட்டில் காற்பங்கைக் காணோம். உடைந்த துண்டைத் தேடியெடுக்கும் வரை அப்பா வேறெதையும் தொட விடவில்லை. அது உருளைக்குள் விழுந்திருந்தால் அடுத்த சுற்றில் பிஸ்ரனும் போயிருக்கும்.

இனித் தகட்டுக்கு எங்கே போவது? ஆயுத பூசைதோறும் அப்பா பக்தியோடு பூசிய மஞ்சள் வர்ணம் பெயர்த்தகட்டை முற்றாக மூடியிருந்தது. சுரண்டிப் பார்த்ததில் அமுக்க அளவு மட்டுமே மிஞ்சியது. போதாக்குறைக்கு அது டொலர் தட்டுப்பாட்டுக் காலம். இரவுப் பேருந்தில் கொழும்பு சென்று பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறினோம். "கொம்பனி என்ன, மொடல் என்ன?" என்பதே எங்கும் கேள்வி. பெயறிங் என்றால் கவலையில்லை. 6308 என்று பொறித்திருந்தால் உள்விட்டம் 40, வெளிவிட்டம் 90, தடிப்பு 23 மில்லிமீற்றர் என உலகெங்கும் பொருள். எங்கள் தகட்டிலோ ஓர் எண்ணும் இல்லை. வினாக்களுக்கு நானே விடையளித்தேன். அப்பா எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தபடி நின்றார்.

ஐந்தாவது கடையில் ஒரு முதியவர் பெயரைக் கேட்கவில்லை. வேணியர் இடுக்கிமானியை எடுத்தார். முதலில் தந்த தகடு விட்டத்தில் பொருந்தியது. தடிப்பில் சற்றுக் கூடியது. நான் மகிழ்ந்துபோய்ப் பணத்தை எடுத்தேன். அப்பா தலையசைத்து மறுத்தார். தகடு தடித்தால் அது எழும்பும் இடைவெளி குறையும், காற்றுப் புகாது. முதியவர் சிரித்துவிட்டு, வேறொரு கொம்பனியின் பழைய வால்வைக் கழற்றினார். அதனுள் இருந்தது எங்கள் தகடு. சுருள்வில்களையும் சேர்த்தே வாங்கினோம்.

மறுநாள் பூட்டினோம். குளிராக்கியின் முள் 28 இல் நின்றது. தாங்கியின் முள் மெல்ல ஏறி 100 ஐத் தொட்டது.

"சத்தம் எப்பிடி?" என்று அப்பா உரக்கக் கேட்டார்.

நல்ல சத்தம் எதுவென்று எனக்குத் தெரியாது. ஆயினும் நல்லதென்று தலையாட்டினேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிப் புறங்கையை அந்த மூடியில் வைத்தார்.